அடித்தல் திருத்தல்

ஓரடி ஆழம், அதற்கு மேல் போகாதே என்று
சுண்ணாம்புத் தூளால் கோடு கிழித்துக் காட்டினேன்.
சடையன் பொக்லைனின் பல்லைச் சாய்த்து
பாலாடையை வழிப்பதுபோல் வழித்தான்.
புல்லும் வேரும் சருகும்
பெயர் தெரியாத கிழங்குகளுமாக
மலையின் மேல்தோல் டிப்பரில் ஏறியது.
ஒரு நடைக்கு ஒரு கோடு,
ஐந்தாவது கோடு குறுக்கே.

மண் ஈரமாயிருந்தால் அள்ளக்கூடாது, விதி.
மழை பெய்த மறுநாள் வண்டி ஓடவில்லை.
மேற்பார்வை ஆரோக்கியராஜ்
கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று டீ குடித்தார்.

குவியல் மூன்று. உயரம் ஆறடிக்கு மிகாமல்.
மிஞ்சினால் அடிமண்ணுக்கு மூச்சு முட்டும் என்று
பயிற்சியில் சொன்னபோது
மண்ணுக்கு மூச்சா என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.
பிறகு பழைய குவியல் ஒன்றை வெட்டினார்கள்,
யாரோ பதினைந்தடிக்கு ஏற்றி மறந்துபோனது.
உள்ளே சாம்பல் நிறம்.
ஊசிப்போன சோற்றின் வாடை.
ஒரு புழு இல்லை.
தரம் என்ற கட்டத்தை அன்று காலியாக விட்டேன்.

மூன்றின் மேல் கொள்ளும் சணப்பும் விதைத்தோம்.
நானூற்றுப் பன்னிரண்டு நடை என்று
பலகையில் எழுதி நட்டோம்.
பக்கத்தில் குழி சிவந்துகொண்டே போனது.
கல் ஏற்றிய லாரிகள்
இருபது கொண்டை ஊசியும் இறங்கிச் சேலத்துக்குப் போயின.
மூன்று வருடம்
சணப்பு மஞ்சளாய்ப் பூத்தது, மடிந்தது, பூத்தது.

குழியை மூடும் வேளை வந்தது.
கடைசியில் எடுத்தது முதலில் உள்ளே,
முதலில் எடுத்தது கடைசியில் மேலே.
இறுகிய தரையைக் கீறிவிட்டு
சடையன் மேல்மண்ணைத் தட்டாமல் அமுக்காமல்
விசிறினாற்போல் பரப்பினான்.
கிழக்கு மூலைக்கு வரும்போது மண் தீர்ந்துவிட்டது.

முந்நூற்று எழுபத்தொன்று.
திரும்ப எண்ணினேன். அதேதான்.

"மழை கரைச்சிருக்கும், எழுதிக்கங்க"
என்றார் ஆரோக்கியராஜ்.
சணப்பு வேர் இறுக்கிப் பிடித்த மண்ணை,
நாற்பத்தொரு நடையை,
எந்த மழை?
அவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.
பேனாவுக்கு என்ன,
குறைவுக்குக் காரணம் என்ற இடத்தில்
மழை என்று எழுதியது.

அடுத்த வைகாசியில்
சித்தப்பா பேரனின் வரவேற்புக்கு
நாகலூர் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்குப் போனேன்.
கம்பளம் விரித்தாற்போல் கொரியன் புல்.
மேடை, மெல்லிசை, பன்னீர் தெளிக்கும் பொம்மை.
புல்லைக் கிழித்துக்கொண்டு
இலைகூட விடாமல் நேரே தரையிலிருந்து
இளஞ்சிவப்புக் கொண்டையோடு
காட்டு மஞ்சள் பூத்திருந்தது.
அங்கே ஒன்று. நாற்காலிக்கடியில் ஒன்று.
ஐஸ்கிரீம் வரிசைக்குப் பின்னால் ஒரு கூட்டமே.

"புடுங்கப் புடுங்க வருதுங்க.
எங்கிருந்து வந்த சனியனோ"
தோட்டத்து லில்லி புஷ்பம் அலுத்துக்கொண்டாள்.
எங்கிருந்து என்று எனக்குத் தெரியும்.
எந்தப் பக்கம், எந்த வரி என்பதுவரை தெரியும்.
பிரியாணி தொண்டையில் நின்றது.
நின்றதே தவிர, முழுக்கச் சாப்பிட்டேன்.

"புடுங்கினதை என்ன பண்ணுவீங்க?"
"குப்பைதான்."
தாம்பூலப் பையிலிருந்த தேங்காயை அவளிடம் கொடுத்துவிட்டு
கிழங்குகளை அதில் நிரப்பிக்கொண்டேன்.
ஒட்டியிருந்த மண்ணை உதறவில்லை.

திங்கட்கிழமை சடையன் பையை வாங்கிப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
முகர்ந்தான்.
கிழக்கு மூலைக்கு நடந்தான்.

நான் அலமாரியைத் திறந்து
அந்தப் பக்கத்தை எடுத்தேன்.
மழை என்பதன் மேல் ஒரு கோடு,
அடியில் இருப்பது வாசிக்கத் தெரியும்படி.
பக்கத்தில் புதுக் காரணம்,
சாலையின் பெயரோடு.

அடித்துத் திருத்தினால் கையெழுத்து வேண்டும்,
அதுவும் விதிதான்.
முழுப் பெயரையும் போட்டேன்.